திங்கட்கிழமைக் கையெழுத்துகள்

காபன் தாளின் மணம் பட்டால் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்காது. அந்த மை விரலில் ஏறி, விரலிலிருந்து சோற்றுக்குப் போய், ஒன்றரை வருடம் நான் அதைத் தின்றுகொண்டேதான் இருந்தேன். வன்னியில், வடக்குப் பாதையில், காட்டுக்கு நடுவில் ஒரு ஸ்டேசனில் கிளாக்கராக இருந்த காலம் அது. ஸ்டேசனின் பேர் வேண்டாம். ஒரு மேடை, எழுத்து வேலைக்கு ஒரு கந்தோர் அறை, இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் தொட்டி, நாலு குவாட்டர்ஸ். அவ்வளவுதான்.

எஸ்.எஸ்.சி.யில் நல்லாய்ப் பாஸ் பண்ணியவன் நான். எனக்குக் கோச்சிப் பைத்தியம், ரெயில் என்றால் உயிர். படிக்கிற நாளிலேயே இஞ்சின் நம்பர்களைக் கொப்பியில் எழுதி வைப்பேன். புதிதாய் வந்த டீசல் இஞ்சின் பலமா, பழைய கரி இஞ்சின் பலமா என்று வாத்தியாரோடு வாதாடி வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறேன். நியமனக் கடிதம் வந்தபோது வீட்டில் எல்லோரும் அரசாங்க உத்தியோகம் என்று சந்தோசப்பட்டார்கள். நான் சந்தோசப்பட்டது தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருக்கப் போகிறேன் என்று. வந்து பார்த்தால் தண்டவாளத்துக்கும் எனக்கும் நடுவில் காகிதம் மலையாய்க் கிடந்தது. எலி மூத்திரம் காய்ந்த கட்டுகள். கோந்துப் போத்தலுக்குள் செத்த இலையான் ஈக்கள். ஸ்டேசன் மாஸ்டரின் மூக்குத்தூள் கொட்டி மஞ்சளாய்ப் போன பதிவேடுகள். அவர் தும்மிவிட்டு எந்தத் தாள் கைக்கு வருகிறதோ அதில் விரலைத் துடைப்பார். அந்தத் தாளைத்தான் பிறகு நான் துளையிட்டுக் கோவையில் கோத்துப் போட வேண்டும்.

காலையில் ஒரு கோச்சி வடக்கேயிருந்து வவுனியாப் பக்கம் போகும், இரவில் அதே பெட்டிகளோடு திரும்பும். முன்னால் சாமான் பெட்டிகள், பின்னால் நாலு பயணிகள் பெட்டிகள். இஞ்சின் தண்ணீர் பிடிக்க எங்கள் ஸ்டேசனில் பன்னிரண்டு நிமிசம் நிற்கும். அதற்குள் பயணிகள் பெட்டிகளைப் பரிசோதித்து, 'ஓடத் தகுந்தவை' என்று ஒரு அத்தாட்சிப் பத்திரத்தைக் கார்ட்டின் கையில் கொடுக்க வேண்டும். பத்திரம் இல்லாமல் கார்ட் பச்சைக்கொடி காட்டக் கூடாது. சட்டம் நல்ல சட்டம். விதிப் புத்தகத்தில் அதை முதலில் வாசித்தபோது எனக்குப் புல்லரித்தது. ஏழை எளியது ஏறுகிற மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக்கூட இவ்வளவு கவனமா என்று.

பத்திரத்தைக் கண்ணால் கண்டதும் அந்தப் புல்லரிப்பு இறங்கிவிட்டது. ஒரு பெட்டிக்குப் பதினெட்டுக் கட்டம். சில்லு, அச்சு, பிரேக், கொக்கி, கதவு, விளக்கு என்று போகும். நாலு பெட்டிக்கு எழுபத்திரண்டு கட்டம், அதில் மூன்று பிரதி. பதினோராவது கட்டம் 'பெட்டியைச் சூடாக்கும் குழாய்'. அந்தப் போம் எந்தக் குளிர் தேசத்தில் அச்சானதோ! எங்கள் பெட்டிகளில் அப்படி ஒரு குழாயே கிடையாது. கச்சான் காற்று புழுதியை வாரி முகத்தில் அடிக்க, தகரக் கூரைக்குக் கீழே வேர்த்து ஒழுகிக்கொண்டு, இல்லாத சூட்டுக் குழாய்க்கு நான் 'நன்று' என்று எழுதினேன். வெறுமையாய் விட்டால் பத்திரம் திரும்பி வரும். 'இல்லை' என்று எழுதினாலும் திரும்பி வரும், ஏன் இல்லை என்று விளக்கம் கேட்டு.

பன்னிரண்டு நிமிசத்தில் இதை எழுதவே ஏலாது, பரிசோதிப்பது எப்படி? எங்கள் ஸ்டேசனில் அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை காலையில் அந்தக் கிழமைக்குரிய ஆறு நாள் பத்திரங்களையும் நான் எழுதி முடித்துவிட வேண்டும். திகதி, நேரம், எல்லாக் கட்டத்திலும் 'நன்று'. பரிசோதகர் ஆறிலும் கையெழுத்து வைப்பார். மாஸ்டர் ஆறிலும் முத்திரை குத்துவார். சனிக்கிழமைக் கோச்சி எங்கேயோ யாழ்ப்பாணத்தில் படுத்திருக்க, அதன் சில்லுகள் எங்கள் மேசை லாச்சிக்குள் சோதிக்கப்பட்டு ஓடத் தகுந்தவையாய் இருக்கும்.

பரிசோதகர் என்பது பத்திரத்தில் உள்ள பேர். எங்களுக்கு அவர் சில்லுத் தட்டுற அண்ணை. நாற்பது வயதைத் தாண்டியவர், முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர், வேதக்காரர். அவருடைய அண்ணன் தம்பி, மச்சான்மார் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்கோ வள்ளம் அசைந்தாலே சத்தி, தின்றதெல்லாம் வெளியே வந்துவிடும்.

"எங்கடை ஆக்கள் மீன் பிடிப்பினம், நான் மீனுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டு வருவன்" என்று தன்னையே பகிடி பண்ணுவார்.

அதனால்தான் ரெயில்வேக்கு வந்தார். இரண்டு அறைக் குவாட்டர்ஸில் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும். பிள்ளைகள் நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம். வேலை போனால் குவாட்டர்ஸ் போகும், பள்ளிக்கூடம் போகும், அவர் மறுபடி வள்ளத்தில் ஏற வேண்டும். இதை அவர் மறைத்ததே இல்லை. "எனக்கு இந்த உத்தியோகம் வயித்துப் பாடு தம்பி, ரெண்டு விதத்திலையும்" என்பார்.

பத்திரம் பொய்யாக இருந்தாலும் அவர் பொய்யில்லை. கோச்சி நின்றதும் சுத்தியலோடு இறங்கி ஓடுவார். சில்லைத் தட்டி ஒரு கணம் தலையைச் சரித்துக் கேட்பார். கணீர் என்றால் அடுத்தது. பழுது கண்டால் வாயால் கார்ட்டுக்குச் சொல்வார், கையால் முடிந்ததைக் கட்டுவார். உண்மையான பரிசோதனை முழுவதும் எழுத்தில்லாமல் நடந்தது. எழுத்தில் இருந்தது முழுவதும் குப்பை.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"மூண்டாம் பெட்டி, கிழக்குப் பக்கக் கடைசிக் கதவு. கொண்டி தேஞ்சு போச்சு. பார், விரலாலை தள்ளத் திறக்குது."

"இதை எழுதத்தான் வேணும் அண்ணை."

"எழுதினால் கொண்டி பிடிக்குமே?" என்றபடி கட்டுக்கம்பியை எடுத்து, கதவுப் பிடியையும் பக்கத்து ஜன்னல் கம்பியையும் சேர்த்துக் குறட்டால் முறுக்கினார். அந்தக் கதவால் ஏறுகிறவர்கள் கம்பியைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். அடுத்த நாள் காலை இவர் மறுபடி கட்டுவார்.

நான் விடவில்லை. அடுத்த திங்கட்கிழமைப் பத்திரத்தில் கதவுக் கட்டத்தில் 'கொண்டி பழுது' என்று எழுதினேன். மாஸ்டர் முத்திரையைத் தூக்கிய கையோடு அப்படியே நின்றார்.

"ஐசே, நீர் படிச்சது இதுக்கோ? பழுது எண்டு எழுதினால் பெட்டியைக் கழட்ட வேணும். கழட்டி எங்கை வைக்கிறது, உம்மடை தலையிலையோ? கோச்சி பிந்தும். பிந்தினால் ஐஞ்சு பிரதியிலை விளக்கம். உம்மடை கொப்பர் வந்து எழுதுவாரோ?"

அந்தப் பத்திரத்தைக் கிழித்தார். நான் வேறொரு தாளில் கடிதமாக எழுதிப் பெரிய கந்தோருக்கு அனுப்பினேன். மூன்று கிழமையில் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. பழுதுகளைக் கடிதமாக எழுதக் கூடாது, அதற்கென்று தனிப் போம் உண்டு. அந்தப் போம் அனுப்பச் சொல்லி இன்னொரு போம் நிரப்பினேன். கையிருப்பில் இல்லை, அடுத்த வருடம் கேட்கவும் என்று பதில் வந்தது. நான் அதை மேசையில் போட்டு மாஸ்டரின் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு சிட்டிகை மூக்குத்தூள் எடுத்தார். அந்தச் சிரிப்பு எனக்கு அருவருப்பாயிருந்தது.

பிறகு அண்ணையின் தங்கச்சியின் மகளுக்குக் கலியாணம் வந்தது. முல்லைத்தீவில். புதனும் வியாழனும் லீவு கேட்டார். நான்தான் லீவுப் போம் எழுதினேன், காபன் வைத்து. மாஸ்டர் மேல் தாளில் கையெழுத்து வைத்துக் கோவையில் போட்டார். கீழ்ப் பிரதி என் லாச்சியில் கிடந்தது. பதிலுக்கு வேறு ஆள் கேட்டு எழுத வேண்டும் என்று விதியில் இருக்கிறது. மாஸ்டர் எழுதவில்லை.

"ஆறு நாளுக்கும் அந்தாள் கையெழுத்து வைச்சாச்செல்லோ. பிறகென்ன?"

புறப்படுகிறபோது அண்ணை குறட்டையும் ஒரு சுருள் கம்பியையும் என் மேசையில் வைத்தார்.

"ரெண்டு நாளும் அந்தக் கதவை மட்டும் பாத்துக் கட்டிவிடு தம்பி. மற்றதை அந்தோனியார் பாத்துக்கொள்ளுவார்."

"யோசியாமல் போயிட்டு வாங்கோ அண்ணை."

புதன்கிழமை கட்டினேன். கம்பி கையைக் கிழித்தது, ஆனாலும் கட்டினேன். வியாழக்கிழமை மாதாந்த அறிக்கை போக வேண்டிய நாள். அந்த மாதம் எத்தனை அத்தாட்சிப் பத்திரம் வழங்கினோம், எத்தனை பிரதி எந்தக் கந்தோருக்குப் போனது என்கிற அறிக்கை. கோச்சி வந்து நின்ற சத்தம் கேட்டது. நான் எழும்பினேன். "அறிக்கையை இருந்து எழுதி முடியும் ஐசே, அது இதே கோச்சியிலை போக வேணும்" என்றார் மாஸ்டர். இருந்தேன். கடைசி வரி எழுதி, உறையை ஒட்டி, அண்ணை திங்கட்கிழமை கையெழுத்து வைத்த வியாழக்கிழமைப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு ஓடி, இரண்டையும் கார்ட்டிடம் கொடுத்தேன். விசில் ஊதியது. கோச்சி அசைந்தது. மூன்றாம் பெட்டி என்னைக் கடந்து போகும்போதுதான் குறடு மேசையில் கிடப்பது நினைவு வந்தது.

அரை மணித்தியாலத்தில் அடுத்த ஸ்டேசனிலிருந்து டெலிபோன். வளைவில் கதவு திறந்திருக்கிறது. கதவோடு சாய்ந்து சாக்கில் குந்தியிருந்த பெண்ணொருத்தி வெளியே விழ இருந்தவ. எட்டிக் கதவு நிலையைப் பிடித்திருக்கிறா. திரும்பி வந்து அடித்த கதவு வலது கையை முழங்கையோடு முறித்துவிட்டது. குளத்துக் குடியேற்றத்தில் நெல் விதைக்கிற குடும்பம். எங்கள் ஸ்டேசனில்தான் ஏறினவ, வவுனியாவில் தமக்கை வீட்டுக்குக் கத்தரிக்காய் கொண்டு போக. ஏறும்போது நான் கண்டிருப்பேன். முகம் நினைவில்லை. நான் பார்த்தது காகிதத்தை.

மாஸ்டர் டெலிபோனை வைத்ததும் முதலில் செய்தது இதுதான்: அலுமாரியைத் திறந்து, கோவையிலிருந்து லீவுப் போமை உருவி, நாலாய் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். கையை உதறினார். அந்த மனிசி உயிரோடு இருக்கிறாவா என்று அதற்குப் பிறகுதான் கேட்டார்.

விசாரணைக்கு ஒரு துரை வந்தார். அதற்கு முதல் நாள் மத்தியானம் சாமான் கொட்டிலுக்குள் மாஸ்டர் அண்ணையைக் கூப்பிட்டுக் கதைத்தார். நானும் நின்றேன்.

"நீ அண்டைக்கு இஞ்சை நிண்டனி. பாத்தனி. கதவு நல்லாயிருந்தது. அந்த மனிசி ஓடுற கோச்சியிலை கதவைத் திறந்திட்டா. இவ்வளவுதான். உன்ரை வேலை நிக்கும்."

"அப்ப அவாவுக்கு?"

"ஓடுற கோச்சியிலை கதவு திறந்ததுக்கு ஒரு சின்னக் குற்றம் வரும். நட்டஈடு வராது. அது அவையின்ரை பாடு."

அண்ணை தொண்டையைச் செருமினார். "மாஸ்டர், நான் அண்டைக்குக் கலியாணப் பந்தலிலை இருநூறு பேருக்குச் சோறு போட்டனான். என்னைக் காணேல்லை எண்டு முல்லைத்தீவே சத்தியம் பண்ண வேணுமே?"

"பகிடியை விடு. பிள்ளையளை யோசி."

அவர் பகிடியை விட்டுவிட்டார். சுத்தியலை எடுத்துக்கொண்டு போய் மேடையில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய், "என்னட்டை லீவுப் போமின்ரை பிரதி கிடக்கு அண்ணை. நாளைக்கு வைக்கிறன். எல்லாம் சரிவரும்" என்றேன். அவ்வளவு நம்பிக்கையாய்ச் சொன்னேன். ஒரு உண்மையான காகிதம் கையில் இருந்தால் போதும் என்று அன்றைக்கும் நம்பினேன் பாருங்கள்.

துரை மாஸ்டரின் கதிரையில் கைலேஞ்சியை விரித்து அதன் மேல் உட்கார்ந்தார். அவர் இங்கிலிசில் கேட்க, நான் தமிழில் அண்ணைக்குச் சொன்னேன். அவர் கதவைப் பார்க்கவில்லை. அந்தப் பெட்டி அன்றைக்குக் காலையிலும் எங்கள் மேடையைத் தாண்டிப் போனது, அதே தேய்ந்த கொண்டியோடு. நான் சொன்னேன், நாளை வரும், பார்க்கலாம் என்று. பெட்டி சாட்சியமில்லை, பத்திரங்களைக் கொண்டு வா என்றார்.

வியாழக்கிழமைப் பத்திரத்தை அண்ணையின் முன்னால் தள்ளினார்.

"இது உம்முடைய கையெழுத்தா?"

"ஓம் சேர்."

"அன்றைக்கு இந்தப் பெட்டியைப் பார்த்தீரா?"

மாஸ்டர் மூக்குத்தூள் டப்பியை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். அண்ணை என்னைப் பார்க்கவில்லை, மாஸ்டரையும் பார்க்கவில்லை.

"இல்லை சேர். நான் முல்லைத்தீவிலை நிண்டனான். லீவிலை. கதவு பழுது எண்டு எனக்கு முதலே தெரியும். அந்த மனிசி திறக்கேல்லை. அது தானாய்த் திறக்கிற கதவு."

சொல்லிவிட்டார். நான் அதை ஒரு சொல் விடாமல் இங்கிலிசில் சொன்னேன். உடனே லாச்சியிலிருந்து காபன் பிரதியை எடுத்து வைத்தேன். அதோடு நிற்காமல், கம்பி கட்டச் சொல்லி என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனார், மறந்தது நான் என்றும் சொன்னேன்.

துரை பேனையை வைத்துவிட்டு என்னை ஒரு சின்னப் பூச்சியைப் பார்ப்பது போலப் பார்த்தார். கம்பி கட்டுவது உன் கடமைப் பட்டியலில் இல்லை, விசயத்தைக் குழப்பாதே என்றார். காபன் பிரதியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். முத்திரை இல்லை. மாஸ்டரின் கையெழுத்து மேல் தாளில் மட்டும். மூலப் பிரதி எங்கே? மாஸ்டர் கோவையைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார். அப்படி ஒரு லீவு கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை என்றார். கண் இமைக்காமல்.

நான், "சேர், அவர்தான் உருவி..." என்று தொடங்கினேன். துரை கையை உயர்த்தினார். கோவையில் இல்லாததைப் பற்றித் தான் எழுத முடியாது என்றார்.

அதன் பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. பாருங்கள், எவ்வளவு வசதி! மூலப் பிரதி இல்லையென்றால் லீவு இல்லை. லீவில்லாமல் ஊரில் நின்றதை ஆளே ஒப்புக்கொண்டார். ஆகவே லீவில்லாமல் வேலைக்கு வராதது ஒரு குற்றம். முன்கூட்டியே கையெழுத்து வைத்தது இன்னொரு குற்றம். இரண்டும் அவருடையது. அன்றைக்குப் பரிசோதனை நடக்காதபடியால், கோச்சி புறப்பட்டபோது கதவு எந்த நிலையில் இருந்தது என்று தீர்மானிக்க முடியாது. கதவின் நிலை தெரியாதபடியால், கை முறிந்த காரணமும் தெரியாது. மாஸ்டருக்கு 'இனிக் கூடுதல் கவனம்' என்று ஒரு வரி. எல்லாவற்றையும் அரை மணித்தியாலத்தில் எழுதி முடித்து, என்னிடம் மூன்று பிரதி எடுக்கச் சொன்னார். எடுத்தேன். என் கையால், காபன் வைத்து. மாஸ்டர் அவருக்கு இளநீர் வெட்டுவித்தார்.

அந்த மனிசிக்குக் குற்றம் வரவில்லை. அண்ணை காப்பாற்றியது அது ஒன்றைத்தான். நட்டஈடும் வரவில்லை.

இரண்டு கிழமையில் கட்டளை வந்தது. பரிசோதகர் வேலையிலிருந்து எடுத்து, தெற்கே எங்கேயோ காட்டுக்குள் தண்டவாளம் திருத்துகிற கூட்டத்தில் கூலியாளாய்ப் போட்டிருந்தார்கள். அங்கே குவாட்டர்ஸ் கிடையாது, கொட்டில்தான். மனைவியும் பிள்ளைகளும் முல்லைத்தீவுக்குத் தமையன் வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. பெரியவளுக்கு அடுத்த வருடம் எஸ்.எஸ்.சி. சோதினை.

நான் இரண்டு நாள் இருந்து ஒரு மனு எழுதினேன். நாலு பக்கம். விதி இலக்கங்கள், திகதிகள், சிவப்பு மையோடு திரும்பிய என் கடிதம், கிடைக்காத போம், உருவிய லீவுத் தாள், எல்லாம். எனக்கே அதை வாசிக்க ரோசம் பொங்கியது. கொண்டுபோய்க் குவாட்டர்ஸ் வாசலில் கொடுத்தேன். அவர் கட்டிலைக் கழற்றிக் கொண்டிருந்தார். பிள்ளைகள் புத்தகங்களைச் சாக்குக்குள் அடுக்கினார்கள்.

"அண்ணை, இதிலை கையெழுத்து மட்டும் வையுங்கோ. மேலிடத்துக்கு அனுப்புவம். விட ஏலாது இவங்களை."

வாங்கிப் பார்த்தார். இங்கிலிஸ் எழுத்து அவருக்கு வாசிக்கத் தெரியாது. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்கு நான் பென்சிலால் போட்டிருந்த கோட்டைத் தடவினார்.

"தம்பி, நீ நல்ல பெடியன். ஆனால் ஒண்டு சொல்லுறன், கோவிக்காதை. இனி எனக்காக ஒண்டும் எழுதாதை."

"இல்லை அண்ணை, இது உண்மையெல்லே..."

"அதுதான் சொல்லுறன்" என்றார். கட்டில் காலை உதைத்துக் கழற்றினார். மனுவைக் குசினிப் பக்கம் நீட்டி, "இஞ்சாருமப்பா, தம்பிக்கு அந்தக் கருவாட்டிலை கொஞ்சம் சுத்திக் குடும்" என்றார்.

அவருடைய மனைவி வெளியே வந்தா. நாலு பக்கத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாய் விரித்தா. நல்ல தடித்த தாள், கந்தோர்த் தாள். பாரைக் கருவாடு நாலைந்தை அதில் வைத்துச் சுருட்டி, சணல் நூலால் இறுக்கிக் கட்டி என் கையில் தந்தா. "காய்ச்சும்போது உப்புப் போடாதையுங்கோ, தம்பி. உதிலையே இருக்கு."

நான் அதைப் பிடித்துக்கொண்டு மேடை வழியே நடந்தேன். எண்ணெய் ஊறி, என் எழுத்து நீலமாய் வெளியே கசியத் தொடங்கியிருந்தது. கந்தோர் வாசலில் மாஸ்டர் மூக்கைச் சுளித்தார்.

"என்ன ஐசே, நாறுது?"

நான் உள்ளே போனேன். அன்றைக்குத் திங்கட்கிழமை. மேசையில் ஆறு பத்திரங்கள் விரித்தபடி கிடந்தன. புதுப் பரிசோதகர் வரும்வரை கையெழுத்தை நான் வைக்க வேண்டும் என்று மாஸ்டர் பேனையை எடுத்து நீட்டினார். கருவாட்டுப் பொட்டலத்தை அந்தப் பத்திரங்களின் மேல் வைத்துவிட்டு, பெட்டி படுக்கை எடுக்க என் அறைக்குப் போனேன்.